துறவி நண்டுக்குப் பச்சைக் காய்கறி கொடுப்பது எப்படி

காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டை (hermit crab) வளர்க்க ஆரம்பித்ததும் எல்லாரும் முதலில் தேடுவது, கொடுக்கலாம் கொடுக்கக்கூடாது என்று இரண்டாகப் பிரித்த ஒரு பட்டியலைத்தான். பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை, கீழே நானும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் கேரட் நல்லது என்று தெரிந்துகொண்டு, மருந்து அடித்த கேரட்டைத் தோல்கூடச் சீவாமல் தொட்டிக்குள் போட்டு, அதை மூன்று நாள் அங்கேயே விட்டுவைத்தால் அந்தப் பட்டியலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பெரும்பாலான காய்கறிகளால் இந்த நண்டுக்குக் கெடுதல் கிடையாது. கெடுதல் வருவது காயின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிற சமாச்சாரத்தாலும், காய் தொட்டிக்குள் கிடந்து கெட்டுப்போவதாலும்தான்.

நான் பேசுவது நிலத்தில் வாழும் கோயனோபிட்டா இன நண்டுகளைப் பற்றி. கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பவை வேறு வகை, அவற்றைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி இருக்கிறது. இயற்கையில் இந்த நண்டுகள் கரையில் கிடப்பதைப் பொறுக்கித் தின்பவை. விழுந்த பழம், காய்ந்த இலை, மக்கிய மரம், கரை ஒதுங்கிய மீன், மற்ற பிராணிகளின் எச்சம் வரை எதையும் விட்டுவைப்பதில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடத்தைத் தாண்டியும் வாழக்கூடிய உயிர் இது. அதனால் இன்றைக்குத் தின்றது, உடனே ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் சரி என்று முடிவு கட்டக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிற விஷம் பல மாதம் கழித்து, மேலோடு உரிக்கிற நேரத்தில்தான் வேலையைக் காட்டும்.

மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதுதான் முக்கியம். நண்டு ஒரு கணுக்காலி. கொசு, கரப்பான், இலைப்பேன் எல்லாம் இருக்கிற அதே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. வயலில் அடிக்கும் பூச்சிமருந்து அந்தக் கூட்டத்தைக் கொல்வதற்கென்றே தயாரித்தது, அது நண்டுக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் பார்க்காது. பைரித்ராய்டு வகை மருந்துகள் நரம்பைத் தாக்கும், நண்டு, இறால் போன்றவை அவற்றைத் துளிகூடத் தாங்காது. நோவலூரான், டைஃப்ளூபென்சூரான் போன்றவை இன்னொரு வகை. அவை கைட்டின் உருவாவதையே தடுப்பதால் பூச்சியால் புது மேலோடு கட்ட முடியாமல் போகும். நம் உடம்பில் கைட்டின் இல்லை என்பதால் நமக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் நண்டின் மேலோடே கைட்டினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்ததுதான். காய்கறியில் இவ்வளவு மருந்து மிஞ்சலாம் என்று சட்டம் சொல்லும் அளவெல்லாம் மனிதன் சாப்பிடுவதை வைத்துக் கணக்கிட்டது. சில கிராம் எடையுள்ள நண்டை அங்கே யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

சரி, ஆர்கானிக் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்ட மருந்துகளும் இருக்கின்றன. செவ்வந்தி வகைப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின் ஒன்று. வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் இன்னொன்று, பூச்சி தோலுரிக்கிற ஹார்மோனைக் குழப்புவதுதான் அதன் வேலையே, நண்டும் அதே வகை ஹார்மோனை வைத்துத்தான் மேலோடு உரிக்கிறது. அப்புறம் பூஞ்சைக்கு அடிக்கும் செம்பு மருந்துகள். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பல நாடுகளில் ஆர்கானிக் தோட்டங்களிலும் அடிக்கப்படுகிறது. செம்பு நண்டுக்குத் தேவையான சத்துதான், அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் இருப்பதே செம்பு. ஆனால் தேவைக்கு மேல் போனால் அதே செம்பு விஷம். நண்டுக்கென்று விற்கும் பாக்கெட் உணவுகளின் பின்பக்கத்தில் காப்பர் சல்பேட் என்று போட்டிருந்தால் பலர் கீழே வைத்துவிடுவது இதனால்தான். காய்கறியைப் போட்டு அந்தப் பாக்கெட்டைக் குறைப்பது நல்ல யோசனை, காயின் மேலேயே செம்பு இல்லாதவரை.

ஆக, எங்கிருந்து காய் எடுப்பது என்பதில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். பூந்தொட்டியிலோ தோட்டத்திலோ மருந்தே அடிக்காமல் நீங்களே வளர்த்தது எல்லாவற்றையும்விட மேல், நாலு இலை கிடைத்தாலும் போதும், நண்டு தின்பதே அவ்வளவுதான். அடுத்தது, உறைக்குள் இருக்கும் காய்கள்: மக்காச்சோளம், பட்டாணி. அதற்கடுத்து, தோலைக் கனமாகச் சீவி எறியக்கூடியவை: கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மஞ்சள் பூசணி, வெள்ளரி. கடையில் வாங்கும் கீரைகளும், ப்ரோக்கோலி, காலிஃபிளவர் மாதிரி இடுக்கு நிறைந்தவையும் கடைசி இடம். இலைக்குப் பரப்பு அதிகம், சீவவும் முடியாது, பூவின் இடுக்குக்குள் போனது சுலபத்தில் வெளியே வராது.

கழுவுவதில் ஒரு மாய மந்திரமும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் அடிப்படை. அதற்கு மேல் வேண்டுமானால் சமையல் சோடா. ஆப்பிளை வைத்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது தோலின் மேலிருந்த இரண்டு மருந்துகள் வெறும் தண்ணீரில் கழுவுவதைவிட நன்றாகப் போயின, ஆனால் தோலுக்குள் இறங்கியிருந்த பங்கு போகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செடி வேர் வழியாகக் குடித்து உடம்பு முழுக்கப் பரப்பிவைக்கும் மருந்துகளும் உண்டு, இமிடாகுளோப்ரிட் அந்த ரகம், அதை எந்தக் கழுவலும் எடுக்காது. அதனால்தான் கழுவுவதைவிட, எங்கிருந்து வந்த காய் என்பதை முன்னால் வைத்தேன். வினிகர், உப்பு, காய்கறி கழுவும் சோப்புத் திரவம் இதெல்லாம் நண்டு விஷயத்தில் தேவையில்லாத வேலை, சோப்பு வேண்டவே வேண்டாம். சோடாவில் ஊறவைத்தாலும் பிறகு இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். கடைசி அலசலை நண்டுக்குக் குடிக்க வைக்கிற, குளோரின் நீக்கிய தண்ணீரிலேயே செய்துவிடலாம். குழாய்த் தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் சில ஊர்த் தண்ணீரில் அதற்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமைன் போகாது, அதற்கு மீன்தொட்டிக்கு விற்கும் மருந்துத் துளி வேண்டும்.

கத்தியும் பலகையும் யாரும் கவனிக்காத இடம். வெங்காயம், பூண்டு, மிளகாய் நறுக்கிய பலகையிலேயே நண்டுக்கும் ஒரு துண்டு நறுக்கிப் போடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. இதற்கென்று ஒரு சின்னக் கத்தி தனியாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கையில் லோஷன், சானிடைசர், கொசுவுக்கு அடித்த ஸ்பிரே இருந்தால் கழுவிவிட்டுத் தொடுங்கள். நண்டுத் தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்திச் சுருளோ பூச்சி ஸ்பிரேயோ பயன்படுத்துகிறவர்கள் காய்கறியில் மருந்து இருக்குமோ என்று கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை, முதலில் அதை நிறுத்துங்கள். இது தலைப்புக்கு வெளியே போகிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது என்ன கொடுப்பது. நண்டு, இறால் வகைகளுக்கு நிறம் தருவது கரோட்டினாய்டுகள், அவற்றை இந்தப் பிராணிகளால் உடம்பில் புதிதாகத் தயாரித்துக்கொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். அதனால் ஆரஞ்சும் சிவப்பும் உள்ள காய்கள் முன்வரிசை: கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளி, சிவப்புக் குடைமிளகாய், மக்காச்சோளம். பச்சையில் ப்ரோக்கோலி, கேல், பட்டாணி. வெள்ளரிக்காயும் லெட்டூஸும் கொடுக்கலாம், தவறில்லை, ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர், அதை மட்டும் போட்டுவிட்டுக் காய்கறி கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பூசணி விதையையும் தூக்கி எறியாதீர்கள், கழுவிக் காயவைத்துப் பொடித்துப் போட்டால் அதில் கொழுப்பும் புரதமும் கிடைக்கும்.

ஸ்பினாச் கீரையைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை நல்லது என்று சொல்கிறவர்களும் ஆகாது என்று சொல்கிறவர்களும் சமமாக இருக்கிறார்கள். அதில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலோட்டுக்குக் கால்சியம் தேடி அலைகிற பிராணிக்கு அது நல்ல செய்தி இல்லை. அதைவிடச் சுவாரசியமான விஷயம், அந்தக் கீரையில் 20-ஹைட்ராக்சிஎக்டைசோன் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. பூச்சிகளும் நண்டுகளும் மேலோடு உரிக்கப் பயன்படுத்துகிற ஹார்மோன் அதேதான், தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. ஒரு துணுக்கு தின்றதும் நண்டு உடனே மேலோடு உரிக்க மண்ணுக்குள் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். என் கணக்கில் அது எப்போதாவது ஒரு நாள் கொடுக்கிற கீரை, தினப்படிக் கீரை இல்லை. பீட்ரூட் இலைக்கும் ஆக்சாலிக் அமிலக் காரணத்தால் அதே இடம்தான்.

வேண்டாதவை அதிகம் இல்லை. முளைவிட்ட, பச்சை பிடித்த உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, உருளைச் செடிகளின் இலையும் தண்டும், ருபார்ப் இலை, இவை விஷம், விவாதமே இல்லை. வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் மாதிரிக் காரமும் நெடியும் உள்ளவற்றை நான் விட்டுவிடுவேன், அவை இல்லாமல் நண்டு ஒன்றும் குறைந்துபோகாது. டின்னில் வரும் காய்கறியில் உப்பும் பதப்படுத்தும் பொருளும் இருக்கும், வேண்டாம். உறையவைத்த பட்டாணி, சோளம் உப்பில்லாமல் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். நம் சாப்பாட்டுக்குத் தாளித்ததில் ஒரு துண்டு எடுத்துப் போடுவது அன்புதான், ஆனால் எண்ணெய், சாதாரண உப்பு, மசாலா மூன்றும் அதில் இருக்கிறது. நண்டுக்கு உப்பு வேண்டியது உண்மை, அது கடல் உப்புக் கலவை கரைத்த தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து வரட்டும், பொரியலிலிருந்து வேண்டாம்.

இது எப்படித் தின்கிறது என்று ஒரு ராத்திரி மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தால், எப்படி நறுக்குவது என்ற கேள்விக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். முனை மடங்கிய சின்ன உணர்கொம்பு ஜோடியை முதலில் வெடுக் வெடுக்கென்று ஆட்டும், அதுதான் மோப்பம் பிடிப்பது. நீளமான ஜோடியால் துண்டின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும். இடது பக்கத்துப் பெரிய கொடுக்கு சங்கின் வாசலை அடைக்கிற கதவு, சாப்பாட்டில் அதற்குப் பெரிய பங்கில்லை. வலது பக்கத்துச் சின்னக் கொடுக்குதான் எள்ளளவு, அதற்கும் குறைவாகக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும், வாயைச் சுற்றியுள்ள குட்டிக் கால்கள் அதை வாங்கி உள்ளே தள்ளும். காலையில் கேரட் துண்டைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், வழவழப்பாக இருந்த முகத்தில் ஊசியால் சுரண்டின மாதிரிக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் தெரியும். துண்டு அப்படியே கிடக்கிறதே, தொடவே இல்லையே என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் கடினமான காயைத் துருவிப் போடுங்கள், அல்லது உப்பில்லாமல் ஆவியில் மெத்தென்று வேகவைத்து, நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள். சர்க்கரைவள்ளியை எப்போதும் வேகவைத்தே கொடுப்பது நல்லது. மென்மையான காய் என்றால் பச்சையாகவே, ஒரு நண்டுக்கு நம் சுண்டுவிரல் நகம் அளவு போதும். மூன்று நண்டு இருந்தால் மூன்று நகம் அளவு, கூடவே வேறு ஏதாவது. பார்க்கப் பரிதாபமாகக் கொஞ்சமாகத்தான் தெரியும், மனசு கேட்காமல் ஒரு கைப்பிடி போட்டுவிட வேண்டாம். தட்டு பீங்கானாகவோ, கண்ணாடியாகவோ, ஒரு பெரிய கிளிஞ்சலாகவோ இருக்கட்டும். உலோகத் தட்டு அந்த ஈரத்தில் துருப்பிடிக்கும், செம்பு, பித்தளை பேச்சே வேண்டாம்.

நேரம்தான் அடுத்த பெரிய விஷயம். இந்த நண்டுகள் மூச்சு விடுவது செவுளால், செவுள் ஈரமாக இருக்கவேண்டும் என்பதால் தொட்டிக்குள் ஈரப்பதத்தை 80 சதவீதத்தை ஒட்டியும், வெப்பத்தை 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரையிலும் வைத்திருப்போம். பூஞ்சை வளர்ப்பதற்கென்று ஒரு பெட்டி செய்யச் சொன்னாலும் இதைத்தான் செய்வார்கள். நறுக்கிய காய் அதற்குள் ஒரு நாள் தாண்டினால் வழவழப்பு, இரண்டாம் நாள் வெள்ளை முடி, பின்னாலேயே குட்டி ஈக்களும் உண்ணிகளும். நண்டு இரவில்தான் சுற்றும், எனவே விளக்கு அணைக்கும் நேரத்தில் வைத்துக் காலையில் எடுத்துவிடுங்கள். தட்டை எடுத்ததோடு வேலை முடியாது, பிடித்த துண்டை இழுத்துக்கொண்டுபோய் மூலையில் மண்ணுக்குள் புதைத்து வைக்கிற பழக்கம் சிலதுக்கு உண்டு. தண்ணீர்க் கிண்ணத்திலும் ஒரு துண்டு மிதக்கும். தட்டைச் சுற்றியும், மரத்துண்டின் அடியிலும், கிண்ணத்துக்குப் பின்னாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரமான மண் காயோடு ஒட்டியிருந்தால் ஒரு ஸ்பூன் மண்ணையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். ஆனால் தேடுகிறேன் என்று ஆழமாகத் தோண்டாதீர்கள், அடியில் ஒரு நண்டு மேலோடு உரித்துக்கொண்டு மெத்தென்று கிடக்கலாம், அந்த நேரத்தில் இடைஞ்சல் செய்வது காய்கறி மருந்தைவிட வேகமாகக் கொல்லும்.

ஒரே காயைத் தினமும் வைத்தால் நிராகரிக்கும், அது அடம் இல்லை. கோயனோபிட்டா கம்ப்ரெசஸ் நண்டுகளை வைத்து 1990களில் நடந்த ஆய்வுகளில், சமீபத்தில் தின்ற உணவை விட்டுவிட்டு வேறு உணவைத் தேடிப் போவது தெரியவந்தது. கிடைத்ததைப் பொறுக்கித் தின்கிற பிராணிக்குச் சத்து எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது, அதனால் இடம் மாறி உணவு மாற்றித் தின்பது அதன் சுபாவம். நேற்று கேரட் என்றால் இன்று சோளம், நாளை ஒரு இலை, இப்படிச் சுற்றிச் சுற்றி மாற்றிக்கொடுங்கள். புதுக் காயை முதல் ராத்திரி தொடவில்லை என்று பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம், ஒரு வாரம் விட்டு மறுபடி வையுங்கள். இப்படி மாற்றிக் கொடுப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: ஏதாவது ஒரு காயில் மருந்து மிச்சமிருந்தாலும் அது தினமும் உள்ளே போகாது.

காய்கறி மட்டும் போட்டு வளர்க்கலாமா என்று கேட்டால், முடியாது. கால்சியம் தனியாகத் தட்டில் எப்போதும் இருக்கவேண்டும், பறவைக் கூண்டில் தொங்கவிடுகிற கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, அல்லது வேகவைத்துக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு. புரதத்துக்கு உப்பில்லாத காய்ந்த இறாலை ஓட்டோடு கொடுத்தால் கைட்டினும் சேர்ந்து கிடைக்கும், வேகவைத்த முட்டையும் மீனும் ஆகும். மருந்து படாத காய்ந்த இலைகளும் மக்கிய மரத்துண்டும் தொட்டியில் நிரந்தரமாகக் கிடக்கலாம், அவை சீக்கிரம் கெடாது, காய்கறி இல்லாத ராத்திரியில் அதையே கொறிக்கும். மேலோடு உரித்த பிறகு அந்தப் பழைய மேலோட்டை அழுக்கு என்று எடுத்துவிடாதீர்கள், அதைத் தின்றுதான் நண்டு தன் கால்சியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

புதுக் காய் கொடுத்த பிறகு நண்டு துவண்டு கிடந்தாலோ, சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தாலோ, கால்கள் கழன்று விழுந்தாலோ, முதலில் தொட்டியிலிருக்கும் உணவு முழுவதையும் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர், கடல் உப்புத் தண்ணீர் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள், காரணம் அங்கேயும் இருக்கலாம். இந்தப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் கிடைத்தால் நல்லது. மண்ணுக்குள் போய்ச் சாப்பிட வராத நண்டு வேறு கதை, பெரிய நண்டு மேலோடு உரிக்க மாதக்கணக்கில்கூட உள்ளே இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

கடல்நீர்த் தொட்டியில் வளரும் துறவி நண்டுக்கும் கழுவுவது, சீவுவது எல்லாம் இதேதான். ஆனால் தண்ணீருக்குள் காய் அழுகினால் அம்மோனியா ஏறும், அதனால் ஒரு துண்டை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, மிதக்காமல் கல்லில் செருகி வைத்து, சில மணி நேரத்திலேயே மிச்சத்தை எடுத்துவிடவேண்டும்.

தினமும் நகம் அளவு காய்க்காக ஒரு முழுப் பூசணியோடு மல்லுக்கட்டுவது சிரமம் என்றால் இப்படிச் செய்யுங்கள். பூசணி, கேரட், சர்க்கரைவள்ளியை ஆவியில் வேகவைத்துத் தனித்தனியாக மசித்து, ஐஸ் தட்டின் குழிகளில் மெல்லிசாகத் தட்டி உறையவையுங்கள். உறைந்ததும் கழற்றி, எந்தக் காய் எந்தத் தேதி என்று எழுதிய டப்பாவில் போட்டுவிட்டால், ராத்திரி ஒரு வில்லையை எடுத்து முழுதாகக் குளிர் விட்டதும் தட்டில் வைக்கலாம். ஒரு தடவை உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.